கோழிக்கால் பூதம் தின்ற பெயர்

முன்னொரு காலத்தில், நீங்களும் பிறக்கவில்லை, நானும் பிறக்கவில்லை, அச்சுப் புத்தகம் மட்டும் அப்போதுதான் பிறந்து தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில், ஏழு கடலுக்கு அப்பால் பெல்மாரா என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அதன் துறைமுகப் பட்டணத்தில் யூதர் வீதி என்று ஒரு வீதி. அந்த வீதியில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு, அந்தப் பக்கம் ஒரு வீடு. இந்தப் பக்கத்து வீட்டில் ரபி நப்தாலி இருந்தார். அந்தப் பக்கத்து வீட்டில் ரபி எல்கானா இருந்தார். ரபி என்றால் அவர்கள் வழக்கில் வேதம் படித்த ஆசான்.

அந்த வீதியில் யாரும் தனியாகப் படிக்க மாட்டார்கள். இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து, நடுவில் புத்தகத்தை வைத்து, ஒருவர் சொல்ல மற்றவர் மறுக்க, மேஜையைத் தட்டித் தட்டிச் சண்டை போட்டுத்தான் படிப்பார்கள். ஜோடிப் பாடம் என்று அதற்குப் பெயர். இன்னொரு வழக்கமும் உண்டு. ஒருவர் சொன்ன கருத்தை இன்னொருவர் எடுத்துச் சொல்லும்போது, "இதை இன்னார் சொன்னார்" என்று பெயரைச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். பெயரை விழுங்கிவிட்டால் திருட்டு. கோழி திருடினவனைக்கூட அங்கே மன்னித்துவிடுவார்கள். கருத்துத் திருடினவனுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க மாட்டார்கள்.

நப்தாலியும் எல்கானாவும் முப்பது வருஷமாக ஜோடி. நப்தாலி மகா கெட்டிக்காரர். கேள்வி முடிவதற்குள் பதில் வந்து நிற்கும். எல்கானாவுக்கோ எதையும் மூன்று தரம் சொல்ல வேண்டும். மூன்றாவது தரமும் தலையைச் சொறிந்துகொண்டு, "இன்னொரு தடவை சொல்லேன், நப்தாலி" என்பார்.

"இந்த நப்தாலி ஒருநாள் பெரிய புத்தகம் எழுதப்போகிறார், பாருங்கள்" என்று வீதியே பேசிக்கொள்ளும். நப்தாலியும் அப்படித்தான் நினைத்திருந்தார். காகிதம் வாங்கினார், மை வாங்கினார், வாத்து இறகைச் சீவினார். முதல் வாக்கியத்தை எழுதினார். சரியில்லை என்று அடித்தார். மறுபடி எழுதினார், மறுபடி அடித்தார். இப்படியே இருபது வருஷம் போயிற்று. முதல் வாக்கியம் இன்னும் வந்தபாடில்லை.

ஒருநாள் காலையில் எல்கானா ஒரு கட்டுக் காகிதத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"நப்தாலி, நான் ஒரு புத்தகம் எழுதியிருக்கேன்."

நப்தாலி சிரித்தார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. இவனா? மூன்று தரம் சொன்னாலும் விளங்காத இவனா?

எரிந்தது, எரிந்தது, நப்தாலிக்கு அடிவயிறு வரைக்கும் எரிந்தது.

பொறாமை யாரைப் பார்த்து வரும் என்று நினைக்கிறீர்கள்? ராஜாவைப் பார்த்து வராது. அவர் தங்கத் தட்டில் சாப்பிட்டால் நமக்கென்ன. பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்துத்தான் வரும். அதிலும் அவன் நேற்றுவரை நம்மிடம் சந்தேகம் கேட்டவனாக இருந்தால் சொல்லவே வேண்டாம்.

எல்கானாவின் புத்தகத்துக்குக் 'கதவிடுக்கு வெளிச்சம்' என்று பெயர். எபிரேய மொழியில் எழுதிய மறைஞானப் புத்தகம். ஆண்டவன் உலகத்தைப் படைத்துவிட்டு, அதைப் பார்த்துக் கொஞ்சம் வெட்கப்பட்டு, ஒரு கதவைச் சாத்திக்கொண்டானாம். ஆனால் அந்தக் கதவுக்குக் கீழே ஓர் இடுக்கு இருக்கிறதாம். அதில் கசிகிற வெளிச்சத்தில்தான் நாமெல்லாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறோமாம். எந்தெந்த நேரத்தில் எப்படி எப்படிக் குனிந்தால் அந்த வெளிச்சம் கண்ணில் படும் என்று அதில் எழுதியிருந்தது.

வீதிக் கோடியில் ஓர் அச்சுக்கூடம் இருந்தது. அச்சுக்காரருக்குக் கண்பார்வை மங்கிவிட்டதால், அவர் மகள் யாயேல்தான் எழுத்துக் கோப்பாள். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வலமிருந்து இடமாக ஓடும் எபிரேய வரிகளைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி அடுக்குவாள். வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் கையைக் கழுவிவிடுவாள். அவர்களுக்குச் சனிக்கிழமை ஓய்வுநாள், மை தொடக்கூடாது. இப்படி எட்டு மாதம் உழைத்து முந்நூறு பிரதி அச்சிட்டு முடித்தாள். முகப்பில் கொட்டை எழுத்தில் எல்கானாவின் பெயர்.

மை காயாத முதல் பிரதியை எல்கானா நப்தாலியிடம் கொண்டுவந்தார்.

"முதல் பிரதி உனக்குத்தான். படிச்சிட்டு நல்லாத் திட்டு."

நப்தாலி புத்தகத்தைப் புரட்டாமல் தடவிப் பார்த்தார். "காகிதம் நல்ல காகிதம்" என்றார். எல்கானா காத்திருந்தார். "மை நல்ல கறுப்பு" என்றார். எல்கானா இன்னும் காத்திருந்தார். "தையல் கெட்டியாப் போட்டிருக்காங்க" என்றார். எல்கானா போனதும் புத்தகத்தை என்ன செய்வது என்று பார்த்தார். ஆண்டவன் பெயர் அச்சான புத்தகத்தைக் கீழே வைக்கக்கூடாது. அதனால் மரியாதையாக ஏணி போட்டு ஏறிப் பரணின் உச்சியில், முதுகு வெளியே தெரியாமல், சுவரைப் பார்க்க வைத்துவிட்டு இறங்கினார்.

ஒரு வாரம் கழித்து எல்கானா கேட்டார்: "படிச்சியா?"

"படிச்சுக்கிட்டே இருக்கேன்."

இரண்டாவது வாரமும் கேட்டார். அதே பதில். மூன்றாவது வாரம் அவர் கேட்கவில்லை.

புத்தகமோ காட்டுத்தீயாகப் பரவியது. ரொட்டிக்கடைக்காரர் அடுப்புமுன் குனிந்தபடியே வெளிச்சத்தைத் தேடினார். கப்பல்காரர்கள் பிரதியை எண்ணெய்த் துணியில் சுற்றி அடுத்த துறைமுகத்துக்குக் கொண்டுபோனார்கள். இருபது வருஷமாக ஒருவரோடொருவர் பேசாத இரண்டு சகோதரிகள், எல்கானாவின் பதினோராம் பக்கத்தைப் படித்துவிட்டு ஒரே அகப்பையால் கிளற ஆரம்பித்தார்கள். "எல்கானா, எல்கானா" என்று வீதி முழுக்க இதே பேச்சு.

எரிந்தது, எரிந்தது, நப்தாலிக்கு அடிவயிறு வரைக்கும் எரிந்தது.

ஒருநாள் நட்ட நடுப்பகல். நிழல் காலடியில் ஒடுங்குகிற வேளை. நப்தாலி கொல்லையில் அணைந்த அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்து, யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு முனகினார். "அவன் பேரே இல்லாமப் போகாதா? அவன் பேரே இல்லாமப் போகாதா? அவன் பேரே இல்லாமப் போகாதா?"

அடுப்புக்குள் சாம்பல் அசைந்தது. ஒரு குள்ளன் எழுந்து வந்து உடம்பைத் தட்டிக்கொண்டான். கறுப்பு அங்கி, சுத்தமாகச் சீவிய தாடி. ஆனால் அவன் நடந்து வந்த சாம்பலில் மூன்று விரல் தடம் விழுந்தது. பூதத்துக்கு உடம்பெல்லாம் மனுஷன்போல இருக்கும், கால் மட்டும் கோழிக்கால் என்று அந்த வீதிக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"என்ன ரபி, வயிறு எரியுதா?" என்றது பூதம்.

"நீ எதுக்கு வந்தே?"

"பசி. மனுஷங்க பேருதான் எனக்குச் சாப்பாடு. ஆனா யாராவது எடுத்துக் கொடுத்தாத்தான் தின்ன முடியும். மூணு தடவை கூப்பிட்டீங்க, வந்தேன்."

நப்தாலி பயந்திருக்க வேண்டும். எழுந்து ஓடியிருக்க வேண்டும். அவரோ குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "புத்தகத்து முகப்பிலிருந்து மட்டும் அந்தப் பேரைத் தின்ன முடியுமா?"

பூதம் வாயைத் திறந்தது. அப்பளம் கடிப்பதுபோல ஒரு சத்தம். அவ்வளவுதான். முந்நூறு பிரதியிலும் முகப்பில் பெயர் இருந்த இடம் வெறும் வெள்ளையாகிவிட்டது.

யாயேல் தலையில் கைவைத்துக்கொண்டாள். வீதிக்காரர்களோ அலட்டிக்கொள்ளவில்லை. "மை உதிர்ந்துபோயிருக்கும். எல்கானா எழுதினதுதானே, யாருக்குத் தெரியாது" என்று ஆளுக்கொரு இறகை எடுத்து முகப்பில் அவர் பெயரைக் கையாலேயே எழுதிக்கொண்டார்கள். அச்சில் இருந்ததைவிட இப்போது பெரிதாக இருந்தது.

எரிந்தது, எரிந்தது. மறுநாள் நடுப்பகலில் நப்தாலி மறுபடி அடுப்புப் பக்கம் உட்கார்ந்தார். "ஊர்க்காரங்க கையெழுத்திலிருந்தும் நாக்கிலிருந்தும் அந்தப் பேரைத் தின்னு" என்றார். மறுபடி அதே அப்பளச் சத்தம்.

அந்த வீதி ஜெபக்கூடத்தில் வேதச் சுருளைப் படிக்க ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அந்த வாரம் எல்கானாவின் முறை. கூப்பிடுகிறவர் வாயைத் திறந்தார். பெயர் வரவில்லை. "உங்க பேரு என்னங்க?" என்று கேட்டார். "நான் எல்கானா" என்றார் எல்கானா. சொன்ன பெயர் காதில் விழுந்த வேகத்தில் வழுக்கி வெளியே விழுந்தது. மூன்று தரம் கேட்டார், மூன்று தரமும் பிடிபடவில்லை. கடைசியில் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். எல்கானா சிவந்த முகத்தோடு வீட்டுக்குப் போனார்.

நப்தாலிக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கியது. ஆனால் இரண்டாவது கவளம் வாய்க்குப் போகும்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. எல்கானாவின் மனைவி சிப்போராவின் குரல். அந்த ஊர்ப் பெண்கள் புருஷனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், நம் ஊர்போல 'என்னங்க' கிடையாது.

"எல்கானா, முகத்தை ஏன் தூக்கி வெச்சிருக்கே? ஊர் மறந்தா மறக்கட்டும். நான் இருக்கேன்ல. சாப்பாடு ஆறுது, வா."

இதைக் கேட்டதும் நப்தாலிக்கு எரிந்த எரிச்சல் இருக்கிறதே, அதற்கு முன்னால் எரிந்ததெல்லாம் எரிச்சலே இல்லை. அவர் மனைவி காலமாகிப் பத்து வருஷம். அவரைச் சாப்பிடக் கூப்பிட யாரும் இல்லை.

மூன்றாவது நாள் நடுப்பகல். "அவ வாயிலிருந்தும் தின்னு" என்றார் நப்தாலி. "அவன் வாயிலிருந்தும் தின்னு. முகப்பில் என் பேரைப் போடு."

"போட்டுடலாம்" என்றது பூதம். "ஒரே ஒரு சங்கதி. எடுத்துக் கொடுத்தவருக்கு மட்டும் மறக்காது. உலகமே மறந்தாலும் அந்தப் பேர் உங்க ஒருத்தர்கிட்ட இருக்கும். நாலு பேர் காதுல விழும்படி அதை நீங்க சொல்லிட்டா, நான் தின்னது பூராவும் வெளியே வந்துடும். சொல்ல மாட்டீங்களே?"

"செத்தாலும் சொல்ல மாட்டேன்."

இந்த இடத்தில் எனக்கே அந்த மனுஷனை இரண்டு அறை விடலாம் போல இருக்கும். விட்டு என்ன பயன், பூதம் வாயைத் திறந்தாயிற்று.

சுவருக்கு அந்தப் பக்கம் சிப்போரா கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். அவள் வீட்டு மேஜையில் யாரோ ஓர் அந்நிய மனுஷர் உட்கார்ந்திருந்தார்.

"யாருங்க நீங்க?"

"தெரியலையேம்மா" என்றார் அவர். "நானும் அதைத்தான் யோசிச்சிக்கிட்டிருக்கேன்."

சிப்போரா நல்லவள். கத்திக் கூப்பாடு போடவில்லை. பாதி ரொட்டியைத் துணியில் கட்டிக் கையில் கொடுத்து, வாசல்வரை வந்து அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். சாத்திவிட்டு அதே கதவில் சாய்ந்து அழுதாள். எதற்கு அழுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அன்றிலிருந்து தினமும் இரண்டு பேருக்குச் சமைத்தாள். ஒரு பங்கு தினமும் மிஞ்சியது.

பெயரில்லாத மனுஷரை யாயேல் அச்சுக்கூடத்தில் சேர்த்துக்கொண்டாள். அவர் நாள் முழுக்க அச்சுயந்திரத்தின் கைப்பிடியை இழுத்தார். முழங்கைவரை மை. வேதச் சுருளுக்குக் கூப்பிட வழியில்லாததால் ஜெபக்கூடத்தில் கடைசி வரிசையில் நின்றார். யாராவது வாய்நிறையக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். அவரைக் கூப்பிட்டதாக இருக்காது.

நப்தாலிக்கோ ஏக மரியாதை. மாலை, மேடை, முதல் வரிசை. "உங்கள் பதினோராம் பக்கம் எங்கள் குடும்பத்தையே சேர்த்துவைத்தது" என்று அந்தச் சகோதரிகள் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். பதினோராம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தன் பெயர் போட்ட பிறகாவது படித்திருக்கலாம். முடியவில்லை. திறந்தால் நன்றாக இருந்துவிடுமோ என்று பயம்.

ஒருநாள் கிணற்றடியில் பெயரில்லாத மனுஷர் அவரை நிறுத்தினார்.

"ரபி, உங்க புத்தகத்தைப் படிச்சேன். இப்படி ஒண்ணை எழுதினவர் கொடுத்துவெச்சவர்."

அந்தக் குரலில் பொறாமை ஒரு துளிகூட இல்லை. நப்தாலி அதைத்தான் முதலில் தேடினார். கிடைக்கவில்லை.

"நாற்பதாம் பக்கத்தில் மட்டும் ஒரு சந்தேகம். இன்னொரு தடவை சொல்லுவீங்களா?" என்று அவர் தலையைச் சொறிந்தார்.

"வேலை இருக்கு" என்று நப்தாலி நடையைக் கட்டினார். வீட்டுக்கு வந்து ஜோடிப் பாடத்தின் பழைய மேஜைமுன் உட்கார்ந்தார். எதிர் நாற்காலி காலி. பெரிய மனுஷராகிவிட்டதால் அவரோடு சண்டை போட யாருக்கும் துணிச்சல் இல்லை. எதைச் சொன்னாலும் ஆமாம் என்றார்கள். பெயரும் புகழும் வந்தும் வயிறு எரிந்துகொண்டேதான் இருந்தது. மை பூசிய ஒரு கூலிக்காரரைப் பார்த்து எரிந்தது. அவர் எழுதினார், இவர் எழுதவில்லை. அதை எந்தப் பூதத்தாலும் தின்ன முடியாது.

இப்படியிருக்க, புத்தகத்தின் புகழ் ராஜாவின் காதுக்கு எட்டியது. "எழுதினவரை அழைத்து வாருங்கள்" என்று ஆள் அனுப்பினார். நப்தாலி புது அங்கி போட்டுக்கொண்டு போனார். ராஜாவுக்குக் காணிக்கையாக ஐம்பது பிரதி கட்டிக்கொண்டு யாயேலும் போனாள். கட்டைச் சுமந்துகொண்டு பெயரில்லாத மனுஷர் பின்னால் நடந்தார். அரண்மனைக்குப் போகிறார்கள் என்றதும் வீதியே வேடிக்கை பார்க்கக் கிளம்பியது, சிப்போராவும்தான்.

சபை நிறைந்திருந்தது. மேலே சாளரங்கள் வழியாக வெயில் விழுந்துகொண்டிருந்தது. கோழிக்கால் பூதமும் வந்து நப்தாலியின் அங்கிக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டது. அது அவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும்.

"இந்தப் புத்தகத்தை எழுதியது நீர்தானா?" என்றார் ராஜா.

"நான்தான், பிரபு."

"எனக்கு எபிரேயம் தெரியாது. எழுதினவர் வாயாலேயே வாசித்து அர்த்தம் சொல்லும், கேட்போம்."

நப்தாலிக்கு வியர்த்தது. "தொண்டை கட்டியிருக்கிறது, பிரபு. அச்சுக்காரர் மகள் வாசிப்பாள்."

யாயேல் முன்னால் வந்தாள். மூன்றாம் பக்கத்தைத் திறந்து, நிதானமாக வாசித்து அர்த்தம் சொன்னாள். "கதவு சாத்தியிருப்பதால்தான் தட்டத் தோன்றுகிறது. திறந்தே கிடந்தால் யாரும் உள்ளே பார்க்க மாட்டோம். இதைச் சொன்னவன் என் நண்பன் நப்தாலி. நான் வாளியைக் கிணற்றில் தவறவிட்ட அன்றைக்குச் சொன்னான்."

ராஜா புருவத்தைத் தூக்கினார். "உமக்கு நீரே நண்பரா?"

சபையில் யாரோ சிரித்தார்கள். நப்தாலி அங்கிக்குப் பின்னால் திரும்பி, "உள்ளே என் பேர் இருக்கா?" என்று பல்லைக் கடித்தார்.

"எனக்கென்ன தெரியும்" என்றது பூதம். "முகப்பைச் சொன்னீங்க, முகப்பைத் தின்னேன். உள்ளே என்ன இருக்குன்னு நீங்கதான் படிச்சிருக்கணும்."

யாயேல் பதினெட்டாம் பக்கத்தைத் திறந்தாள். "வெளிச்சம் இருட்டோடு மல்லுக்கு நிற்பதில்லை. உள்ளே வருகிறது, அவ்வளவுதான். இதைச் சொன்னவன் நப்தாலி. சொல்லிவிட்டு, இதிலென்ன இருக்கிறது என்று மறந்துபோனான். நான் வீட்டுக்கு ஓடிவந்து எழுதிவைத்துக்கொண்டேன்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. நப்தாலிக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. அவர் போகிறபோக்கில் எறிந்த வார்த்தை அது. அன்றைக்கும் எல்கானா மூன்று தரம் சொல்லச் சொன்னார். அவரை மக்கு என்று இவர் நினைத்தார். அவர் மனப்பாடம் செய்துகொண்டிருந்திருக்கிறார்.

யாயேல் கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். "இந்தப் புத்தகத்தை நப்தாலி எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தால் இதைவிட நன்றாக இருந்திருக்கும். அவனுக்கு எந்த வாக்கியமும் போதவில்லை. எனக்கு எந்த வாக்கியமும் போதும். அதனால்தான் நான் எழுதினேன். படிக்கிறவர்கள் என்னோடு நிற்காமல், போய் அவனைக் கேளுங்கள்."

அவள் புத்தகத்தை மூடினாள். "பிரபு, எட்டு மாதம் இதை எழுத்தெழுத்தாக் கோத்தவ நான். எழுதினவர் யாருன்னு எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா அவர் இவரை ரொம்ப நேசிச்சவர். அது இவரே இல்ல."

"என்னய்யா இது?" என்றார் ராஜா. குரல் மாறிவிட்டது. அந்த நாட்டில் சிம்மாசனத்தின் முன் பொய் சொன்னவனைத் துடுப்பில்லாத படகில் ஏற்றிக் கடலில் தள்ளிவிடுவார்கள்.

பூதம் நப்தாலியின் காதோரம் ஏறிவந்தது. "பதறாதீங்க. அது வேற நப்தாலின்னு சொல்லுங்க. உங்க வீதியிலேயே அந்தப் பேர்ல ஏழு பேர் இருக்காங்க, படிச்சவங்களும் அப்படித்தான் நினைச்சிருப்பாங்க. செத்துப்போன ஒரு நப்தாலின்னு சொல்லிடுங்க. ராஜா நம்பிடுவார்."

உண்மைதான், ராஜா நம்பியிருப்பார். நப்தாலியும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். அப்போது தூணுக்குப் பக்கத்தில் அந்த மனுஷர் நிற்பதைப் பார்த்தார். முழங்கைவரை மை. புத்தகக் கட்டை இறக்கி வைக்கக்கூட மறந்து, யாயேல் வாசித்ததை உதட்டுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு நின்றார். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்.

நப்தாலிக்கு அழுகை வந்தது. இத்தனை நாளாக எதைப் பார்த்து வயிறெரிந்தோமோ, அதன் உள்ளே பக்கத்துக்குப் பக்கம் தன் பெயரே இருந்திருக்கிறது. பரணுக்கு ஏணி போட்டு ஒரு தரம் புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும்.

"பிரபு," என்றார், "நான் திருடன். இந்தப் புத்தகத்தில் ஒரு வரி நான் எழுதவில்லை. ஒரு வரி படிக்கவும் இல்லை. இதை எழுதினவர் என் நண்பர். என் ஜோடி. உலகத்தில் யாருக்கும் அவர் பெயர் நினைவில்லை, எனக்கு மட்டும் இருக்கிறது, ஏனென்றால் அதை அழிக்கச் சொன்னவனே நான்."

"சொல்லாதீங்க, சொல்லாதீங்க" என்று பூதம் அங்கியைப் பிடித்து இழுத்தது.

"இதைச் சொன்னவர் எல்கானா" என்றார் நப்தாலி.

பூதத்துக்கு ஒரு விக்கல் வந்தது. சபை முழுக்கக் கேட்டது. ஐம்பது பிரதியின் முகப்பிலும் எல்கானாவின் பெயர் கொட்டை எழுத்தில் வந்து உட்கார்ந்தது.

"எல்கானா" என்றார் நப்தாலி. இரண்டாவது விக்கல். வீதிக்காரர்கள் அத்தனை பேரும் தூக்கத்திலிருந்து எழுந்தவர்கள்போல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எல்கானா" என்றார் மூன்றாவது தரம். மூன்றாவது விக்கலில் பூதம் வெறும் சாம்பலாகி உதிர்ந்தது. அரண்மனையைக் கூட்டுகிறவள் ஒரே வீச்சில் அதைப் பெருக்கித் தள்ளினாள்.

தூணுக்குப் பக்கத்திலிருந்தவர் புத்தகக் கட்டைக் கீழே வைத்தார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு சிப்போரா வந்தாள். அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள்.

"எல்கானா," என்றாள், "எத்தனை நாளா உன் பங்கு மிஞ்சுது தெரியுமா?"

ராஜா எழுந்தார். நப்தாலியைக் காட்டி, "இவரைப் படகில் ஏற்றுங்கள்" என்றார்.

"வேண்டாம், பிரபு" என்றார் எல்கானா.

"உம் பெயரைத் தின்னக் கொடுத்தவர் இவர். உம் மனைவியைப் பிரித்தவர் இவர். இவருக்கா பரிந்து பேசுகிறீர்?"

"எனக்கும் கோபம் இருக்கு, பிரபு. ரொம்ப இருக்கு. சீக்கிரம் போகாது. அதை யார்கிட்ட காட்டுறது? இவரைக் கடல்ல தள்ளிட்டா நான் யாரோட சண்டை போடுவேன்? எங்க வீதியில ஜோடி இல்லாம யாரும் படிக்கிறதில்ல."

ராஜா வெகுநேரம் யோசித்தார். பிறகு சிரித்துவிட்டார். எல்கானாவுக்குப் பொன்னாடை போர்த்தினார். இன்னும் முந்நூறு பிரதி அச்சிட யாயேலுக்குப் புது எழுத்துகள் வார்த்துத் தரச் சொன்னார். நப்தாலிக்குத் தண்டனை உண்டு என்றார். அந்த முந்நூறு பிரதிக்கும் அச்சுயந்திரத்தின் கைப்பிடியை அவர்தான் இழுக்க வேண்டும். நப்தாலி இழுத்தார். முழங்கைவரை மை ஏறியது.

இழுத்து முடித்தபிறகு ஒருநாள் ஏணி போட்டுப் பரணில் ஏறி, புத்தகத்தை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து படித்தார். நன்றாகத்தான் இருந்தது. பயந்ததைவிட நன்றாக இருந்தது. எரிந்ததா என்று கேட்டால் எரிந்தது, நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நாற்பதாம் பக்கம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அங்கே ஒரு தப்பு இருந்தது, சின்னத் தப்பும் இல்லை. சந்தோஷம் தாங்கவில்லை அவருக்கு. செருப்பைக்கூட மாட்டாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினார்.

"எல்கானா, நாற்பதாம் பக்கத்தில் நீ எழுதியிருக்கிறது சுத்த அபத்தம்."

எல்கானா கதவைத் திறந்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் முகம் மலர்ந்தது. "எனக்கும் அங்கதான் சந்தேகம். உள்ள வா. இன்னொரு தடவை சொல்லு."

சிப்போரா மூன்றாவது தட்டை எடுத்து வைத்தாள். மேஜையைத் தட்டுகிற சத்தம் வீதிக்கோடி அச்சுக்கூடம்வரை கேட்டது.

கதை முடிந்தது. கலைந்து போவதற்குமுன் ஒரு வார்த்தை. இந்தக் கதை என்னுடையது இல்லை. மணப்பாட்டுக் கடற்கரையில் வலை பின்னுகிற ஒருவன் எனக்குச் சொன்னது. என்னைவிட நன்றாகச் சொல்வான். அவன் சொல்லும்போது கேட்கிற குழந்தைகள் கொட்டாவி விடுவதில்லை. அது எனக்குப் பொறுக்கவில்லை, அதனால் இதுவரை பன்னிரண்டு ஊரில் இதை என் சொந்தக் கதை என்று சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். பதிமூன்றாவது ஊர் உங்களுடையது. இதைச் சொன்னவன் பெயர் சவரிராயன்.